கடைசி சீட் வரை நடந்தவள்

பூசை முடிந்து சனம் கலைந்த பிறகும் அவள் மாதா கோயிலை விட்டு உடனே வெளியே வரமாட்டாள். நடுவழியால் மெல்ல நடந்து, இரண்டு பக்கத்து வாங்குப் பலகைகளையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு, கடைசி வாங்கு வரைக்கும் போய்த்தான் திரும்புவாள். நான் வாசலில் நின்று மேற்சட்டையைப் பூட்டிக்கொண்டு குளிரில் முணுமுணுப்பேன். அவள் வரும்போது கையில் ஏதாவது இருக்கும். ஒரு பிள்ளையின் ஒற்றைக் கையுறை. ஒரு பால்போத்தல். ஒருநாள் ஒரு முழு ஆளையே கூட்டிக்கொண்டு வந்தாள். வயதுபோன ஓர் ஐயா, பிரசங்கத்தில் கண்ணயர்ந்து வாங்கில் சரிந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் இரண்டு காரில் வந்தவர்கள். அப்பா அந்தக் காரில் என்று இந்தக் காரும், இந்தக் காரில் என்று அந்தக் காரும் லவாலுக்குப் போய்விட்டன.

பிள்ளைகள் திரும்பி வரும்வரைக்கும் அவருக்குப் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன். வேறு என்ன செய்ய, அவளுடைய காரில் அல்லவா நான் வந்தது.

அவள் இந்த மொன்றியலில் இருபத்திரண்டு வருசம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். மஞ்சள் பஸ். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். சீட்டில் ஒரு தலையணை போட்டு, ஆண்பிள்ளைச் சப்பாத்து ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய வாகனத்தை ஐஸ் றோட்டில் கொண்டுபோவாள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு ஓட்டுகிறவர் எழும்பி, கடைசி சீட் வரைக்கும் நடந்து பார்க்கவேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். நித்திரையாகிப்போன பிள்ளை ஏதும் சீட்டுக்குள் கிடக்கும். மற்றவர்கள் அதை வேலை நேரத்தில் செய்தார்கள். இவள் எங்கேயும் செய்தாள். கலியாண மண்டபத்தில் செய்தாள், மெற்றோவில் இறங்க முதல் செய்தாள், என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகும்போதும் ஒருக்கால் அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் போவாள். என் மகன் பகிடிக்குக் கேட்பான், "அன்ரி, ஆரும் மிஞ்சிக் கிடக்கினமோ?" என்று. அவள் சிரிக்கமாட்டாள். "பாத்தால்தானே தெரியும், தம்பி," என்பாள்.

நாங்கள் ஒரே கட்டடம். அவள் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. என்னிலும் நாலு வயது இளையவள். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. கட்டடத்தில் எல்லாரும் எல்லாரையும் கேள்வி கேட்பார்கள். நாங்கள் இருவரும் கேட்காதவர்கள் என்பதால்தான் பழகினோம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. பிள்ளையை வாசலில் இறக்கினால், வீட்டுக் கதவு திறந்து பிள்ளை உள்ளே போகும்வரைக்கும் பஸ்ஸை எடுக்கமாட்டாள். மஞ்சள் பஸ் சிவப்பு லைட் போட்டுக்கொண்டு நின்றால் முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனமும் அசையக்கூடாது. ஒருநாள் ஸ்நோ கொட்டுகிறது. ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று வாசலில் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. இவள் பிள்ளையைத் திரும்ப ஏற்றிப் பக்கத்தில் இருத்திவிட்டு, லைட்டையும் நிற்பாட்டாமல் நின்றுகொண்டாள். பின்னால் றோட்டு முழுக்க வாகனம், எல்லாரும் கோர்ன் அடிக்கிறார்கள். பஸ் கந்தோரில் இருந்து ரேடியோவில் பஸ்ஸை எடு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோ என்று கத்துகிறார்கள். அந்தத் தாய் மெற்றோவில் இருந்து விழுந்தடித்து ஓடிவந்து கதவைத் திறந்த பிறகுதான் பஸ் அசைந்தது. அதற்கு அவளுக்குக் கண்டிப்புக் கடிதம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

"வாசல் வரைக்கும் கொண்டந்து விட்டால் போதுமெண்டு நினைக்கினம், அக்கா," என்றாள். "கதவு திறக்கவேணுமே."

வேலையை விட்டு ஓய்ந்து இரண்டாவது மாதம், ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து தன் குசினி மேசையில் விரித்தாள். சுருண்டு வரும் மூலைகளுக்கு மிளகாய்த்தூள் பேணி, சீனிப் பேணி, செபப் புத்தகம், என்னுடைய தேத்தண்ணிக் கோப்பை. ஜெர்மனியில் ஹம்பேர்க்கில் இறங்கி ஒரு காரை வாடகைக்கு எடுத்து, டென்மார்க், சுவீடன், நோர்வே என்று ஒரு மாதம் ஓட்டிக்கொண்டு போவது. இடையில் உள்ள கடலெல்லாம் காரோடு கப்பலில் கடப்பது. அவளுடைய ஊர்ச்சனம் அந்த நாடுகள் முழுக்கச் சிதறிக் கிடந்தது. எல்லாரையும் ஒருதரம் பார்க்கவேண்டும் என்றாள்.

கப்பல் என்று நான்தான் சொல்கிறேன். அவள் பாதை என்பாள். அவள் ஊர்காவற்றுறைக்காரி. அங்கே வாகனத்தையும் சனத்தையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதப்புக்குப் பாதை என்றுதான் பெயர். படிக்கிற காலத்தில் தினமும் அதில் காரைநகருக்குப் போய் வந்தவள். நோர்வேக் கப்பலில் நூறு கார் ஏறும், சாப்பாட்டுக் கடை இருக்கும் என்று மகன் கம்பியூட்டரில் படம் காட்டினான். "ஓம் தம்பி, பெரிய பாதை," என்றாள்.

மகன் கேட்டான், பிளேனில் போனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மணித்தியாலம்தானே, ஏன் இந்தப் பாடு என்று. அந்தச் சின்னப் பிளேன்களில் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் எட்டு வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களோ என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது ஒரு நியாயம்தான். ஆனால் உண்மையான நியாயம், அவளுக்குக் கரையில் காத்து நிற்கப் பிடிக்கும். ஒவ்வொரு பாதைக்கும் ஒன்றரை மணித்தியாலம் முந்திப் போய் நிற்கவேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதினாள். வீணாய் ஏன் நிற்பான் என்று நான் கேட்டதற்கு, "கரையில நிக்கிறதும் பயணத்துக்கை சேர்த்திதான், அக்கா," என்றாள்.

அவள் நேரம் போடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு வேலை. ஒரு வீட்டுக்கு மூன்று மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒன்று, கலியாண அல்பம் பார்க்க ஒன்று, வெளிக்கிட்ட பிறகு வாசலில் நின்று கதைக்க ஒன்று. கடைசி மணித்தியாலத்தை வெட்டச் சொல்லி மகன் சொன்னான். அதைத்தான் வெட்டக்கூடாது, உண்மையான கதை அங்கேதான் வரும் என்று மறுத்துவிட்டாள்.

பிறகு வீட்டு முறை. டென்மார்க்கில் இருந்தது அவளுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி. சுவீடனில் இருந்தது அந்தத் தங்கச்சியின் தமக்கை. வரைபடத்தின்படி போனால் தங்கச்சி வீடுதான் முதலில் வரும். மூத்தவள் இருக்க இளையவள் வீட்டில் முதல் கை நனைத்தால், மூத்தவள் சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டுவாள். ஆகவே டென்மார்க்கில் இறங்காமல் கடந்து, சுவீடனுக்கு இன்னொரு பாதை எடுத்து, மூத்தவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வேறொரு பாதையில் திரும்ப டென்மார்க்குக்கு வந்து இளையவள் வீட்டுக்குப் போவது. முதல் கடக்கும்போது டென்மார்க்கில் பெற்றோலும் அடிக்கக்கூடாது, எங்கள் சனம் யாராவது கண்டால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடும். மகன் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது றூட் இல்லை, இடியப்பம்," என்றான். அன்றைக்குத்தான் அவள் சிரித்ததை நான் பார்த்தேன். பல்லுத் தெரியாமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு.

என்னையும் வரச் சொன்னது ஒரு சாதாரணப் பின்னேரம். நான் உழுத்தம்மா வறுத்துக்கொண்டிருந்தேன். "முன்சீட் உங்களுக்கு, அக்கா. நீங்கள் வாகனத்தில நித்திரை கொள்ளாத ஆள். ஓட்டுறவளுக்கு அதுதான் வேணும்," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் அவளுடைய சனத்துக்கு என்ன முறை, வீடு வீடாய்ப் போய் ஏன் சாப்பிடுவான் என்று எனக்கு ஒரு கூச்சம். ஆனால் அடுத்த நாளே சூட்கேசைக் கீழே இறக்கித் துடைத்துவைத்தேன்.

கோடையில் இரவே வராத நாட்டில் பின்னேரச் செபமாலையை எத்தனை மணிக்குச் சொல்வது என்று அவளிடம் கேட்டேன். மொன்றியல் நேரத்துக்குச் சொல்லுவோம், மாதாவுக்கு இரண்டு இடத்து நேரமும் தெரியும் என்றாள்.

எல்லாம் எழுதி முடித்த அன்று, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வரைபடத்தின் அடியில் இருந்து மேலே விரலை வைத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் நடக்கிற அதே நடை, விரலால். சுவீடன் தாண்டி, நோர்வேயின் நீண்ட கரை தாண்டி, ஆகலும் வடக்கே கடலுக்குள் கிடந்த தீவுகளில் விரல் நின்றது.

"ஆரையும் விட்டிட்டமோ, அக்கா?"

நான் ஒருவரும் இல்லை என்றேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. அந்தத் தீவில் என் கூடப்பிறந்த தங்கச்சி இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். மகன் எப்போதோ வாய்விட்டிருக்கிறான். மீன் தொழிற்சாலை வேலைக்கு என்று புருசனோடு போனவள்; புருசன் நெஞ்சுவலியில் போன பிறகும் அங்கேயே இருந்து ஒரு பிள்ளையை வளர்த்தாள். நானும் அவளும் கதைத்துப் பத்தொன்பது வருசம்.

காரணத்தைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும். அவளுடைய மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் முறையில் கலியாணத்துக்கு முதலில் வாயால் சொல்லவேண்டும். பக்கத்தில் என்றால் வீட்டுக்கு வந்து, தூரம் என்றால் ரெலிபோனில். பிறகுதான் அழைப்புக் காட். எனக்குத் தபாலில் காட் மட்டும் வந்தது. ஒரு சொல் வரவில்லை. தூக்கி வளர்த்த தமக்கைக்கு, ஊரில் நாலாம் வீட்டுக்காரருக்கு அனுப்புவது போல ஒரு காட். தடித்த உறை, மூலையில் தங்கக் கோடு. தொட்டாலே தெரியும். பிரிக்கவேண்டாம் என்று மகனிடம் சொல்லி, சூட்கேசில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கலியாணத்துக்குப் போகவில்லை. அது முடிந்து ஒரு மாதத்தில் தங்கச்சி ஒருக்கால் ரெலிபோன் எடுத்தாள். நான் குளிக்கிறேன் என்று மகனைச் சொல்லச் சொன்னேன். பிறகு நாங்கள் வீடு மாறினோம், நம்பரும் மாறியது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பிடிவாதம்.

இதையெல்லாம் அன்றைக்கு நான் அவளுக்குச் சொல்லவில்லை. "அங்கை நீர் போகத் தேவையில்லை. பாதையை அதுக்கு முதலே திருப்பும்," என்றுதான் சொன்னேன். அவள் திருப்பவில்லை. அந்தத் தீவில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டுக் கதையில் கைவைக்க இவள் யார் என்று நினைத்தேன். கோப்பையை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். பின்னால் வரைபடத்தின் மூலை சுருண்ட சத்தம் கேட்டது.

ஒன்பது நாள் நான் கீழே இறங்கிப் போகவில்லை. பூசைக்கும் வேறு ஆட்களின் காரில் போனேன். அவள் கடைசி வாங்கு வரைக்கும் நடப்பதை வாசலில் நிற்காமல் காருக்குள் இருந்து பார்த்தேன். பத்தாம் நாள் அவளே மேலே வந்தாள். மன்னிப்பும் கேட்கவில்லை, சுகமும் கேட்கவில்லை. கொப்பியை விரித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"அக்கா, விலாசம் இல்லாமல் கடைசிப் பாதைக்கு நேரம் போட ஏலாது."

கடைசிப் பாதையே இல்லை என்றேன். சரி, விலாசத்தை எழுதிவைப்போம், போவதும் விடுவதும் பேந்து பார்க்கலாம் என்றாள். அந்தக் கதிரையை விட்டு எழும்புகிற நோக்கம் அவளுக்கு இல்லை. அந்த ஆறு வயதுப் பிள்ளையின் வாசலிலும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. போய்ச் சூட்கேசைத் திறந்து அந்த உறையைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். பின்பக்கம் விலாசம் இருந்தது.

அவள் விலாசத்தை எழுதினாள். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை ஒருத்தரும் திறக்கேல்லையே."

காட் வந்தால் காட்தானே, திறந்து பார்க்க என்ன இருக்கிறது என்றேன். திறக்கட்டோ என்று கேட்டாள்.  நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், ஆனால் மெல்லமாய்த்தான். அவள்தான் வாசித்தாள். பஸ்ஸில் பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிற அதே குரல், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

காட்டின் அடியில், வரவேற்பவர்கள் என்ற இடத்தில் முதலில் என்னுடைய பெயர் இருந்தது. மணமகளின் பெரியதாயார் என்று போட்டு. அதற்குக் கீழேதான் என் தங்கச்சியின் பெயர். காட்டுக்குள் நாலாய் மடித்த கடுதாசித் துண்டு ஒன்று.

"அக்கா, உன்ர பேரைத்தான் முதல் போட்டிருக்கிறன். வீட்டுக்காரிக்கு ஆர் அழைப்புச் சொல்லுறது? நான் தாலி இல்லாதவள், சபைக்கு முன்னுக்கு நிக்கேலாது எண்டு உனக்குத் தெரியும். பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போக நீதான் வேணும். ஒரு கிழமைக்கு முந்தியே வந்திடு."

"பாத்தீங்களோ" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்தக் காட்டைப் பறித்துத் திரும்ப உறைக்குள் வைத்திருப்பேன். அவள் எழும்பி என் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். கேத்தல் கொதிக்கும்வரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் கேட்டேன்.

"அப்ப அந்தப் பிள்ளை ஆரோட போனது?"

அவளுக்கு எப்படித் தெரியும். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொப்பியில் கடைசிப் பாதைக்கு நேரம் போடத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான்தான் அவளை அவசரப்படுத்தினேன். என் தங்கச்சி அதே விலாசத்தில்தான் இருக்கிறாளா என்று தன் டென்மார்க் தங்கச்சி மூலம் அவள் விசாரித்தாள். இருக்கிறாள், வேலையை விட்டுவிட்டாள், முழங்கால் வருத்தம் என்று பதில் வந்தது. ரெலிபோன் நம்பரும் வந்தது. எடுக்கச் சொல்லி மகன் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். காட்டைப் பிரிக்காமல் வைத்தவள் நான். அதை ரெலிபோனில் எப்படிச் சொல்வது, முகத்துக்கு நேரேதான் சொல்லவேண்டும். அவளும் அதற்கு ஓம் என்றாள். ஜூன் மாதம் என்று முடிவாகியது.

ஒருநாள், பாதைக் கரையில் காத்து நிற்பது ஏன் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டேன். அவளுக்குப் பத்து வயதில், தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தால் திரும்பி வரும்போது, கரைக் கொட்டிலில் தங்கச்சி நித்திரையாகிவிட்டாள். இவள் தோழிகளோடு கதைத்துக்கொண்டு பாதையில் ஏறிவிட்டாள். நடுவிலே வந்த பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று கண்டாள். அக்கரை போய் அதே பாதையில் திரும்பி வந்து பார்த்தால் தங்கச்சி அப்படியே நித்திரை.

"ஒண்டும் நடக்கேல்லை, அக்கா. பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் நடுத்தண்ணியில நான் நிண்ட நிலை எனக்குத்தான் தெரியும்," என்றாள்.

ஏப்ரல் மாதம், பயணத்துக்கு என்று ஒரு சுடுதண்ணிப் போத்தலும் குளிர்ப்பெட்டியும் வாங்கப் புவாண்ட்-கிளேருக்குப் போனோம். நல்ல வெயில். றோட்டோரத்தில் கறுத்த ஸ்நோ கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்சீட்டில் இருந்து சுவீடன்காரிக்கு எத்தனை பை மா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவேண்டிய ஒரு சந்தியில் அவள் நிற்காமல் போனாள். பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு ஒரு பெண் றோட்டில் கால் வைக்கப்போனவள், வண்டிலைப் பின்னுக்கு இழுத்தாள். யாரோ கோர்ன் அடித்தார்கள். அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவள் அடுத்து வந்த டெப்பனேர் கடை வாசலில் காரை நிற்பாட்டி எஞ்சினை அணைத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அந்தச் சிவப்புப் பலகையை நான் காணேல்லை, அக்கா."

வெயில் கண்ணில் பட்டிருக்கும் என்றேன். இல்லை, கண் கொஞ்ச நாளாகவே சரியில்லை, ஜூன் மட்டும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன் என்றாள். சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மூடிவிட்டாள். பிறகு இறங்கிப் போய், பின்கதவைத் திறந்து, பின்சீட்டைக் குனிந்து பார்த்தாள். அங்கே என்ன இருக்கப்போகிறது. பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நாங்கள் பஸ்ஸில் வீடு வந்தோம். காரை மகன் போய் எடுத்துவந்தான். அதற்குப் பிறகு அவள் ஓட்டவில்லை.

டாக்குத்தர் சொல்லி அவள் நிற்பாட்டவில்லை, லைசென்ஸைப் பறித்து நிற்பாட்டவில்லை. அதை நான் எல்லாருக்கும் சொல்லுவேன்.

மகன் ஓட்டுவான், நீர் பின்சீட்டில் வாரும் என்று எவ்வளவோ சொன்னேன். பின்சீட்டில் இருந்தால் ஓட்டுகிற பிள்ளையைத் தின்றுவிடுவேன் என்று பகிடியாய்ச் சொன்னாள். பகிடியில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு எட்டு வீட்டுப் படியில் தடுக்கி விழ அவள் ஆயத்தமில்லை. மே மாதம் ரொறன்ரோவில் இருந்த தமையனின் மகள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். போக முதல் ஒரு கிழமை இருந்து, கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடித்து, கொப்பி முழுவதையும் திரும்ப எழுதினாள். பெரிய பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நாலே வரி. மகன் வாசிக்க எதற்கு இவ்வளவு பெரிய எழுத்து என்று கேட்டேன். மகனுக்கு இல்லை என்றாள்.

அவளை ஏற்ற வந்த கார் வெளிக்கிட்டு நூறு அடி போய் நின்றது. அவள் இறங்கி வந்தாள். வெறும் வீட்டுக்குள் போய் அறை அறையாய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்த மார்கழிக்கு அவள் இருக்கவில்லை.

அதற்கு முந்தி, ஜூனில், மகனுக்குப் பத்து நாள்தான் லீவு கிடைத்தது. எட்டு வீடும் இல்லை, இடியப்பமும் இல்லை. பிளேன் மாறி மாறி நோர்வேயின் வடக்குக் கரையில் இறங்கி, அங்கே கார் எடுத்து, கடைசிப் பாதை ஒன்று மட்டும். கொப்பியில் போட்டபடி ஒன்றரை மணித்தியாலம் முந்திக் கரைக்குப் போகவேண்டும் என்று மகனோடு சண்டைபிடித்தேன். போனோம். கப்பல் இன்னும் வந்திருக்கவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கார்கள் வரிசையாய் நிற்க, சனம் இறங்கி நின்று கோப்பி குடித்தார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடித்திருந்தது. பக்கத்தில் கதைக்க ஆளில்லை என்பதுதான் குறை. நான் மாப் பையை மடியில் வைத்துக்கொண்டு கொப்பியின் பக்கங்களை எழுத்துக்கூட்டி வாசித்தேன். போகாத பாதை எல்லாவற்றையும் வாசித்தேன். சுவீடனுக்குப் போகிற பாதை, திரும்பி வருகிற பாதை. மகன் என்னம்மா என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

கடைசிப் பக்கத்தைக் கப்பலில் வைத்துத்தான் வாசித்தேன். தங்கச்சியின் விலாசம், அதற்குக் கீழே: "இறங்குகிறவர் ஒருவர். அக்கா மட்டும். நான் காரில் இருப்பன். கதவு திறக்கும் வரைக்கும் எடுக்கிறதில்லை. திறந்த பிறகு கரைக்குத் திரும்பிப் போய் ஆறு நாள் அங்கை நிற்பன். தமக்கை தங்கச்சிக்கு நடுவிலை ஆள் நிற்கக்கூடாது." அவள் அப்படித்தான் போட்டிருக்கிறாள். எட்டு வீட்டிலும் எனக்குப் பக்கத்தில் இருக்கப்போனவள், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கும் நேரம் போடவில்லை.

சிவப்பு மரவீடு. அவ்வளவு வெளிச்சத்தில் பின்னேரமா காலையா என்று சொல்ல ஏலாது. மகன் என்னோடு இறங்கப் பார்த்தான். காரில் இரு, கதவு திறக்கும்வரைக்கும் அசையாதே என்றேன். உறையை ஹான்ட்பாக்கில் வைத்துக்கொண்டு நடந்தேன். மணியை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் அழுத்தவில்லை. முழங்கால் வருத்தக்காரிக்கு எழும்பி வர நேரம் எடுக்கும். பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓட்டுகிற இடத்தில் மகன்தான் இருப்பான்.

உள்ளே கால் இழுத்து வருகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தலை முழுக்க நரைத்து, எங்கள் அம்மாதான் வந்து நிற்பது போல அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு கிழமைக்கு முந்தி வா எண்டெல்லோ எழுதினனான்," என்றாள்.

பிள்ளையைக் கலியாணத்தன்று கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போக ஒருவரையும் அவள் விடவில்லை. பிள்ளை தனியத்தான் நடந்து போனாளாம். வலப்பக்கம் என் இடத்தை விட்டு, ஒதுங்கி நடந்தாளாம். அதை அவள் குசினியில் வைத்துச் சொன்னாள், மகன் மாப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது.

அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்துத் தரும்படி மகனிடம் சொன்னேன். இரண்டாம் மணி அடிக்கும்போதே எடுத்தாள். பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எப்படி இருக்கிறீர் என்று நான் கேட்க முதல் அவள் கேட்டாள்.

"கதவு திறந்ததோ, அக்கா?"

"ஓம். திறந்தது."

"உள்ளுக்குப் போயிட்டியளோ?"

"உள்ளுக்கைதான் நிக்கிறன்."

 

"அப்ப சரி," என்றாள். "நான் போயிட்டு வாறன்."